தொடர்ந்து வாசிக்க ஒரு அரசியல் வெப்காமிக் சொல்லுங்கள்

கோவை வாசகன்:

வணக்கம் நண்பர்களே. எந்தப் பத்திரிகை கையில் கிடைத்தாலும் கார்ட்டூனைத் தேடிப் பார்த்துவிட்டு அப்புறம்தான் தலையங்கத்துக்குப் போவேன். அப்படியே வளர்ந்துவிட்டேன். இப்போது வீட்டில் பத்திரிகை வாங்குவது நின்றுபோனது. போனில் வருவதெல்லாம் கட்சிக்காரர்கள் செய்து அனுப்பும் மீம்தான். யார் செய்தார்கள் என்றும் தெரியாது, நேற்று எதிர்த்தவரை இன்று புகழ்ந்தால் கேட்கவும் ஆளில்லை.

ஒரே ஆள், தன் பெயரில், வருடக்கணக்காக வரைகிற ஒரு காமிக் வேண்டும். ஆங்கிலம் என்றாலும் சரி. பிளஸ் ஒன் படிக்கும் மகளும் கூட உட்கார்ந்து வாசிப்பாள். பத்துப் பெயர் வேண்டாம், உங்களுக்குப் பிடித்த ஒன்றைச் சொல்லி, ஏன் பிடிக்கும் என்றும் எழுதுங்கள்.

பழைய பேப்பர்:

'தி நிப்' பாருங்கள். மேட் போர்ஸ் 2013இல் தொடங்கிய அமெரிக்கத் தளம். 2023இல் மூடிவிட்டார்கள், ஆனால் அதில் வந்தவை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவர் வரைந்த ஒன்றை உங்கள் மகள் ஏற்கெனவே பார்த்திருப்பாள்: சுமை தூக்கும் பழங்காலக் குடியானவன் ஒருவன் 'சமூகத்தைக் கொஞ்சமாவது சீர்படுத்த வேண்டும்' என்கிறான், கிணற்றுக்குள்ளிருந்து ஒருவன் தலையை நீட்டி 'நீயும் இதே சமூகத்தில்தானே இருக்கிறாய்' என்று மடக்குகிறான். 2016இல் வந்தது. எந்த நாட்டு விவாதத்திலும் இன்றைக்கும் யாராவது அதை எடுத்துப் போடுகிறார்கள்.

ஒரே ஆள் வரைவது என்று கேட்டீர்கள், இது பலர் வரைந்த தளம். அது ஒன்றுதான் குறை.

லேஅவுட் செல்வி:

மதுரையில் ஒரு அச்சகத்தில் பக்க வடிவமைப்பு வேலை எனக்கு. படத்தையும் எழுத்தையும் ஒரு கட்டத்துக்குள் அடக்குவதுதான் நாள் முழுக்க. அந்தப் பழக்கத்தோடு பார்க்கும் எனக்கு இன்றைய இந்திய அரசியல் காமிக்கில் முதலிடம் 'சானிட்டரி பேனல்ஸ்'தான். சார் ஒன்றே ஒன்று கேட்டதால் வேறு எதையும் சொல்லவில்லை.

வரைபவர் ரச்சிதா தனேஜா, பெங்களூரு. 2014இல் ஆரம்பித்தார். பிரதமரைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதியதற்காக ஒருவரைப் பிடித்த செய்தியைப் படித்துத்தான் வரையத் தொடங்கியிருக்கிறார். ஆரம்பமே அங்கிருந்துதான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். பேசியதற்கு ஜெயில் என்ற பயம் அந்தக் காமிக்கின் அடியில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

படம் என்று பார்த்தால் குச்சி உருவங்கள்தான். வட்டத்தில் தலை, கோட்டில் உடம்பு, பக்கத்தில் கையெழுத்தில் வசனம். பின்னணி பெரும்பாலும் வெறும் வெள்ளை. சில நாள் ஒரே கட்டம், சில நாள் நாலைந்து. போனில் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவனை ஒரு நொடி நிறுத்தி வாசிக்க வைக்க அந்த வெள்ளை இடம் எவ்வளவு உதவுகிறது என்பது பக்கம் கட்டுகிறவர்களுக்குத் தெரியும். நாங்கள் இடம் மிச்சம் இருந்தால் விளம்பரம் போடுவோம், அவர் மிச்சத்தை அப்படியே விட்டுவிடுகிறார்.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது ஒன்று இருக்கிறது. நாம் பார்த்து வளர்ந்த கார்ட்டூன்களில் தலைவரின் மூக்கு, தொப்பை, கண்ணாடி, துண்டு இதையெல்லாம் பெரிதாக்கித்தான் சிரிக்க வைப்பார்கள். அதில் பெரிய கலைஞர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பில் பாதி உடம்பைப் பார்த்து வருவது. பெண் தலைவர் என்றால் அது எங்கே போய் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தனேஜா வரைவதில் உடம்பே கிடையாது. அழகும் இல்லை, அவலட்சணமும் இல்லை, தோல் நிறமும் இல்லை. அந்த உருவம் என்ன சொல்கிறது என்பது மட்டும்தான் கண்ணில் படும். வாதம் நொண்டினால் படம் அங்கேயே விழுந்துவிடும், தாங்கிப் பிடிக்க வேறு எதுவும் இல்லை. அவ்வளவு துணிச்சலாகத் தன்னை நிறுத்திக்கொண்டு வரைகிறவரை நான் மதிக்கிறேன்.

எடுத்துக்கொள்ளும் விஷயமும் சட்டமன்றம், நாடாளுமன்றத்தோடு நின்றுவிடாது. மாதவிடாய், ராத்திரி பெண் தெருவில் நடப்பது, சாதி, விவசாயிகள் போராட்டம், பேச்சுரிமை என்று எல்லாம் ஒரே வரிசையில் வரும். சமையலறையில் நடப்பதும் அரசியல்தான் என்று அவர் எங்கும் வகுப்பெடுக்க மாட்டார். ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

ஒரு படத்தை மட்டும் சொல்கிறேன். 2020 நவம்பர் 4ஆம் தேதி தொலைக்காட்சிச் செய்தி ஆசிரியர் அர்னாப் கோஸ்வாமி கைதானார், 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்தது. அதே நாட்களில் கேரளப் பத்திரிகையாளர் சித்திக் காப்பன் ஹாத்ரஸுக்குச் செய்தி சேகரிக்கப் போன வழியில் அக்டோபர் 5ஆம் தேதி பிடிபட்டு உத்தரப்பிரதேசச் சிறையில் இருந்தார். அவருக்காக உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்களிடம் ஏன் உயர் நீதிமன்றத்துக்குப் போகவில்லை என்று கேட்டார்கள். அவர் ஜாமீனில் வெளியே வந்தது 2023 பிப்ரவரியில். இது பின்னால் நடந்தது, படம் வரைந்தபோது யாருக்கும் தெரியாது. ஆனால் ஒருவருக்கு ஒரு வாரத்தில் திறக்கும் கதவு இன்னொருவருக்கு ஏன் திறக்கவில்லை என்ற கேள்வி அன்றைக்கே எல்லோர் வாயிலும் இருந்தது.

தனேஜா வரைந்தது இவ்வளவுதான்: நடுவில் கோஸ்வாமி, ஒரு பக்கம் ஆளுங்கட்சி, மறுபக்கம் உச்ச நீதிமன்றம். நடுவில் இருப்பவர் இந்தியில் ஒரு வரி சொல்கிறார், 'என் அப்பா யாரென்று உனக்குத் தெரியாது.' வண்டியை நிறுத்திய போலீஸ்காரரிடம் பெரிய இடத்துப் பையன் சொல்லும் அதே வசனம். மூன்று உருவம், ஒரு வரி. இதை ஒரு பக்கக் கட்டுரையாக எழுதியிருந்தால் எத்தனை பேர் கடைசி வரை படித்திருப்பார்கள்?

அந்தப் படத்தையும் இன்னும் சில பதிவுகளையும் காட்டி, நீதிமன்ற அவமதிப்பு வழக்குத் தொடர அனுமதி கேட்டு ஒரு சட்ட மாணவர் மத்திய அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலிடம் போனார். 1971ஆம் வருடத்து அவமதிப்புச் சட்டப்படி வெளியாள் ஒருவர் இப்படி வழக்குப் போட வேண்டுமென்றால் அட்டர்னி ஜெனரலின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். டிசம்பர் 1ஆம் தேதி, அப்போது அந்தப் பதவியில் இருந்த கே. கே. வேணுகோபால் சம்மதம் கொடுத்தார். 18ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. நிரூபணமானால் ஆறு மாதம் வரை சிறை. குச்சி உருவத்துக்கு.

அதற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. நான் இதைச் சிபாரிசு செய்வதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

தூரிகை:

செல்வி மேடம் எழுதியது நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அரசியல் கார்ட்டூன் என்பது ஒரு கைத்தொழில். ஆர். கே. லக்ஷ்மண் ஒரு அலுவலக அறையை வரைந்தால் ஃபைல் கட்டில் இருக்கும் தூசி வரை தெரியும். உடற்கூறு, நிழல், ஒரு முகத்தைப் பத்தே கோட்டில் பிடிப்பது, இதற்கெல்லாம் வருடக்கணக்கில் கை பழக வேண்டும். குச்சி பொம்மையை என் தங்கை மகனும் போடுவான். வசனம் நன்றாக இருந்தால் அதை வசனமாகவே எழுதிவிடலாமே, கட்டம் எதற்கு? கருத்து சரி என்பதற்காகப் படத்தையும் நல்ல படம் என்று சொல்ல வேண்டியதில்லை.

லேஅவுட் செல்வி:

தூரிகை சார், நியாயமான கேள்வி. லக்ஷ்மணின் கோட்டை நானும் கும்பிடுகிறேன். ஆனால் 'வசனமாகவே எழுதிவிடலாமே' என்பதை ஏற்க முடியவில்லை. மேலே சொன்ன படத்தையே எடுங்கள். 'என் அப்பா யாரென்று தெரியாது' என்ற வரியைத் தனியாக எழுதினால் அது வெறும் சவடால். பேசுகிறவரின் இரண்டு பக்கமும் யார் இருக்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான் அது குற்றச்சாட்டு ஆகிறது. யாரை எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. அதுவும் வரைகலைதான் சார், கோடு மட்டும் வரைகலை ஆகிவிடாது.

வரையவே தெரியாமல் பெரிய அரசியல் காமிக் செய்தவரும் உண்டு. அமெரிக்காவில் டேவிட் ரீஸ் என்பவர் 'கெட் யுவர் வார் ஆன்' என்று ஒன்று செய்தார். 2001 அக்டோபர் 7ஆம் தேதி அமெரிக்கா ஆப்கானிஸ்தானில் குண்டு போட ஆரம்பித்தது, 9ஆம் தேதி இவர் இணையத்தில் முதல் கட்டங்களைப் போட்டுவிட்டார். கம்ப்யூட்டரில் ஓசியில் கிடைக்கும் கிளிப் ஆர்ட், நம் ஊர் டிடிபி கடைகளில் நோட்டீஸுக்குப் போடுவோமே, அந்த வகைப் படங்கள். டை கட்டிய ஆபீஸ் ஆட்கள் போனில் பேசிக்கொண்டிருப்பார்கள், எல்லாம் ஒரே சிவப்பு நிறம். அதே படம் அடுத்த கட்டத்திலும் வரும், அதற்கடுத்ததிலும் வரும். ஆள் அசைய மாட்டான், முகம் மாறாது. ஆனால் பேச்சில் பயமும் ஆத்திரமும் ஏறிக்கொண்டே போகும். இதை நன்றாக வரையத் தெரிந்தவர் வரைந்திருந்தால் முகத்தில் உணர்ச்சியைக் காட்டிக் கெடுத்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மேலே குண்டும் உணவுப் பொட்டலமும் சேர்ந்து விழுகிறது, கீழே நிலமெல்லாம் கண்ணிவெடி, அந்த வெடிகளுக்கு நடுவே போய்ப் பொட்டலத்தைப் பொறுக்க வேண்டும் என்று அதில் ஒருவன் போனில் பேசுவான். தொலைக்காட்சி முழுக்கக் கொடி பறந்துகொண்டிருந்த அந்த அக்டோபரில் அதைச் சொல்ல ஒரு ஆபீஸ் கிளிப் ஆர்ட் போதுமாக இருந்தது. புத்தகமாக வந்தபோது தன் பங்குப் பணத்தை ஆப்கானிஸ்தானில் கண்ணிவெடி அகற்றும் வேலைக்கே கொடுத்துவிட்டார்.

உங்கள் தங்கை மகன் குச்சி பொம்மை போடட்டும் சார். எதைப் பார்த்துக் கோபப்பட்டுப் போடுகிறான் என்பதுதான் கணக்கு.

(அதில் கெட்ட வார்த்தை ஏராளம். கோவை சார், உங்கள் மகளுக்கு அதை நான் சொல்லவில்லை.)

பொருநைக்கரை:

திருநெல்வேலியிலிருந்து எழுதுகிறேன். கார்ட்டூனுக்கு என்ன சக்தி என்று இங்கே எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸில் மனுநாள். கந்துவட்டிக் கொடுமை என்று திரும்பத் திரும்ப மனு கொடுத்துப் பார்த்த ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு சின்னக் குழந்தைகளோடு அந்த வளாகத்திலேயே தீ வைத்துக்கொண்டார். நாலு பேரும் போய்விட்டார்கள். அந்தப் புகைப்படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

கார்ட்டூனிஸ்ட் பாலா அதை வரைந்தார். எரிந்து கிடக்கும் குழந்தை, சுற்றி முதல்வர், கலெக்டர், போலீஸ் கமிஷனர், உடம்பில் துணியில்லாமல் பணக்கட்டால் மானத்தை மறைத்துக்கொண்டு நிற்பார்கள். ஃபேஸ்புக்கில் ஆயிரக்கணக்கில் பகிரப்பட்டது. நவம்பர் 5ஆம் தேதி சென்னையில் அவரைப் பிடித்து நெல்லைக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் நீதிமன்றம் ஜாமீனில் விட்டது. படம் ஆபாசம் என்று சிலர் சொன்னார்கள். மனு கொடுத்தவர் குழந்தையோடு எரிவதைவிட ஆபாசம் என்ன இருக்கிறது?

அக்கா, நீங்கள் சொன்ன 'உடம்பைப் பார்த்துச் சிரிப்பது' இங்கே பொருந்தாது என்று நினைக்கிறேன். அந்தப் படத்தில் உடம்புதான் விஷயம். அந்தக் கோபத்தைக் குச்சி உருவத்தில் காட்டியிருக்க முடியாது.

லேஅவுட் செல்வி:

தம்பி, நீங்கள் சொல்வது சரி. அந்தப் படத்துக்கு உடம்பு வேண்டும், எரிந்த உடம்பும் வேண்டும், வெட்கமில்லாத உடம்பும் வேண்டும். பாலா வரைந்த மாதிரிதான் அதை வரைய முடியும்.

உங்கள் பதிவை வாசித்ததும், முதலில் எழுதியபோது விட்டுப்போன ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. 1987 மார்ச்சில் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. மேடையில் இரண்டு பேர். யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்று கேட்டால், ஜேப்படிக்காரன் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரன் மாதிரி இருப்பவர் மந்திரி என்று பதில். சட்டமன்றம் உரிமை மீறல் என்று சொல்லி மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. யாருக்கு? ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு. வரைந்தவரைத் தேடிப் போகவில்லை. ஆசிரியர் 'என் பத்திரிகை, நான் பொறுப்பு' என்று நின்றார், பத்திரிகை உலகமே கூட நின்றது, சில நாளில் விட்டார்கள். அப்புறம் அவர் வழக்குப் போட்டு 1000 ரூபாய் நஷ்டஈடும் வாங்கினார்.

2025 பிப்ரவரியிலும் அதே கதை. அமெரிக்கா விலங்கு மாட்டி இந்தியர்களைத் திருப்பி அனுப்பியபோது, டிரம்ப் பக்கத்தில் பிரதமர் விலங்கோடு உட்கார்ந்திருக்கும் கார்ட்டூனை விகடன் பிளஸ் போட்டது. 15ஆம் தேதி விகடன் தளமே திறக்கவில்லை. மார்ச் 6ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் படத்தை இப்போதைக்கு எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று சொன்னது. அநியாயம்தான். ஆனால் அங்கே ஒரு நிறுவனம் இருக்கிறது, அதற்கு வக்கீல் இருக்கிறார், வாசகர்கள் இருக்கிறார்கள், நூறு வருடப் பெயர் இருக்கிறது.

வெப்காமிக் போடுகிறவருக்கு இதில் எதுவும் கிடையாது. ஆசிரியர், வெளியிடுபவர், ஓவியர், பியூன் எல்லாம் அவர் ஒருவரேதான். 'இதைப் போட வேண்டாம்' என்று சொல்லும் ஆளும் மேலே இல்லை, 'என்னைப் பிடி, அவரை விடு' என்று சொல்லும் ஆளும் மேலே இல்லை. முதல் பாதிதான் அந்தப் படங்களின் சுதந்திரம். நான் வேலை பார்த்த ஒரு சின்ன இதழில், பக்கம் முடித்து அச்சுக்குப் போகும் நேரத்தில் விளம்பரதாரர் ஒருவர் போன் செய்தார் என்று கார்ட்டூனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ராசிபலனை நீட்டச் சொன்னார்கள். நீட்டியது என் கைதான். வாசகர் யாருக்கும் தெரியவே தெரியாது. தனேஜா போடும் படத்தை அப்படி எடுக்க ஆளில்லை. இரண்டாவது பாதி, நோட்டீஸ் வந்தால் அது நேராக வீட்டு முகவரிக்கு வரும்.

2024 மே 3ஆம் தேதி ஜெனீவாவில், ஐ.நா. முன்னாள் பொதுச்செயலர் கோஃபி அன்னான் பெயரிலான கார்ட்டூன் துணிச்சல் விருதை தனேஜாவுக்கும் ஹாங்காங்கின் ஜுன்ஸிக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஜுன்ஸி மிங் பாவ் நாளிதழில் நாற்பது வருடம் வரைந்தவர். அரசு மறுபடி மறுபடி கண்டனம் தெரிவித்ததில் 2023 மே மாதம் அந்த நாளிதழ் அவருடைய பகுதியை நிறுத்திவிட்டது, பொது நூலகங்களிலிருந்து அவர் புத்தகங்களும் காணாமல் போயின. பத்திரிகை கைவிட்ட ஒருவரையும் பத்திரிகையே இல்லாத ஒருவரையும் ஒரே மேடையில் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தத் தேர்வு ரொம்பப் பிடித்தது.

கோவை வாசகன்:

நன்றி, எல்லோருக்கும். நேற்று ராத்திரி நானும் மகளும் சானிட்டரி பேனல்ஸ் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்தோம். அவள் என்னைவிட வேகமாகப் புரிந்துகொள்கிறாள். மாதவிடாய் பற்றிய ஒரு படம் வந்தபோது நான்தான் கொஞ்சம் நெளிந்தேன், அவள் சாதாரணமாக அடுத்ததற்குப் போய்விட்டாள்.

ஒரு சந்தேகம். பல படங்கள் அன்றைய செய்தியை வைத்து வரைந்தவை. தேதியைப் பார்த்தாலும் எது எதற்கு என்று பிடிபடவில்லை. எப்படி வாசிப்பது? அப்புறம் இதை அவள் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் போடலாமா என்று கேட்கிறாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

லேஅவுட் செல்வி:

சார், மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனால் பிடிபடாது. ஒரு மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பர் என்று வையுங்கள், டெல்லி எல்லையில் விவசாயிகள் போராட்டத்தில் உட்கார்ந்திருந்த மாதம், நோட்டீஸ் வந்த மாதமும் அதுதான். அந்த மாதப் பழைய நாளிதழ்ச் செய்திகளை ஒரு பக்கம் திறந்துகொண்டு, படத்தை மறுபக்கம் வையுங்கள். மகளைச் செய்தியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், நீங்கள் சொல்லித் தராதீர்கள். அவர் எதை வரைந்தார் என்பதோடு எதை வரையாமல் விட்டார் என்பதும் அப்போது தெரியும். அதில் அவரோடு சண்டை போடவும் இடம் இருக்கிறது, எனக்கே சில படங்களில் கருத்து வேறுபாடு உண்டு.

பள்ளிக் குழுவில் போட அனுமதிக்கலாமா என்பதில் என் எண்ணம் இது. ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா 2012இல் மம்தா பானர்ஜியைப் பற்றிய ஒரு கேலிப்படத்தை மின்னஞ்சலில் அனுப்பினார், அவ்வளவுதான். கைது செய்தார்கள். அந்த வழக்கிலிருந்து அவர் முழுதாக வெளியே வர 2023 ஜனவரி ஆனது. அவர்மேல் போட்டிருந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையே உச்ச நீதிமன்றம் 2015இல் ரத்து செய்துவிட்டது, ஆனாலும் வழக்கு முடியவில்லை. இதை மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, பதினாறு வயதுப் பெண்ணுக்கு நாட்டு நிலவரம் தெரிய வேண்டும்.

அதைக் கேட்ட பிறகும் அவள் போட வேண்டும் என்றால், வரைந்தவர் பெயரை வெட்டாமல் போடச் சொல்லுங்கள். பலர் ஓரத்தில் இருக்கும் பெயரை வெட்டிவிட்டு அனுப்புகிறார்கள், அப்படித்தான் ஒரு ஆளின் வருடக்கணக்கான வேலை ஊர்பேர் தெரியாத மீம் ஆகிவிடுகிறது. இல்லையென்றால் வகுப்பில் நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டட்டும். தூரிகை சார் கேட்ட கேள்வியை அவர்களிடமும் கேளுங்கள், இதற்குப் படம் எதற்கு என்று. என்ன சொன்னார்கள் என்று இங்கே வந்து எழுதுங்கள், நான் வாசிக்கக் காத்திருக்கிறேன்.

தூரிகை:

நானும்தான். நேற்று அந்த மூன்று உருவப் படத்தைத் தேடிப் பார்த்தேன். வசனத்தைக் கையால் மறைத்துவிட்டும் பார்த்தேன். இன்னமும் நல்ல கோடு என்று சொல்ல மாட்டேன், ஆனால் நிறுத்திய இடம் சரி.